சகலைக்குக் காட்டிய சைகை

மாமனார் வீட்டில் ஆறு வருடங்களாக அவன் ஒருவன்தான் மாப்பிள்ளை. மைத்துனிக்குக் கல்யாணமான மறுநாளே, முப்பத்தெட்டு வயதில், 'பெரியவர்' ஆகிவிட்டான். வந்து சேர்ந்த சகலை, நோயாளிகளை ஏற்றி வரும் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் விமானி. அது போதாதென்று, இவன் வேலை பார்க்கும் ஹெலிகாப்டர் தளத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பெரியவருக்கு வேலை தரையில். இறங்கிய ஹெலிகாப்டர் சக்கரத்தில் உருண்டு நிறுத்துமிடம் சேரும்வரை, இரண்டு ஆரஞ்சு மட்டைகளை அசைத்து வழிகாட்ட வேண்டும். பதினான்கு வருடங்களில் ஒரு வண்டியிலும் கீறல் விழவிட்டதில்லை. ஆனால் அதையெல்லாம் மாமனார் யாரிடம் சொல்லப் போகிறார்?

"சின்ன மாப்பிள்ளை மேகத்துக்குள்ளயே பூந்து வர்றாராம்!" என்று அவர் பக்கத்து வீட்டாரிடம் அளந்துவிடும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும்.

"பெரியவரும் அங்கதான் இருக்கார்ப்பா" என்பாள் மனைவி.

"ஆமாமா, கீழ இருக்காரு."

அன்று காலையிலிருந்தே காற்று பேயாட்டம் ஆடியது. நோயாளியை இறக்கிவிட்டு, விமானி தனியாக வண்டியை நிறுத்துமிடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தான். தலைக்கு மேல் இறக்கைகள் சுழன்றுகொண்டிருந்தன. வளைவில் வேகம் சற்று அதிகம். பெரியவர் அதைக் கவனித்தான். கம்பத்தின் உச்சியில் காற்றின் திசை காட்டும் துணிப்பை சட்டென்று பக்கவாட்டில் திரும்பியதையும் கவனித்தான். மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் 'நில்' என்று அர்த்தம். கை எழவில்லை.

கொஞ்சம் தள்ளாடட்டுமே. எல்லோரும் பார்க்கட்டுமே.

இரண்டு நொடி இருக்கும். பிறகுதான் மட்டைகளைத் தூக்கினான். விமானி பிரேக்கை மிதிக்கவும் காற்று வந்து அறையவும் சரியாக இருந்தது. ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. இறக்கைகள் தரையில் மோதித் தூள்தூளாகப் பறக்க, பெரியவர் குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டான். சத்தம் அடங்கியதும் முதல் ஆளாக ஓடியவனும் அவன்தான்.

"சகலை! நான் பேசறது கேக்குதா?"

"தோளைத் தொடாதீங்கண்ணா..."

சகலைக்குத் தோளையொட்டிய காறை எலும்பு முறிந்திருந்தது. மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து போனார். அவரிடம் சொன்னதைக் கட்டிலைச் சுற்றி நின்ற குடும்பத்திடமும் விமானி சொன்னான்: "வளைவுல நான்தான் வேகமா வந்துட்டேன். தப்பு என்னோடது."

பெரியவருக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு நிமிடம்தான்.

"எவ்வளவு பெரிய மனசு பாருங்க!" மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற ஒருத்தனா இருந்தா, கீழ நின்னவர் தலையில பழியைப் போட்டுட்டுப் போயிருப்பான்."

வண்டியைக் கவிழ்த்ததிலும் நல்ல பேர் சகலைக்குத்தானா? பெரியவர் கட்டிலருகே ஓரடி முன்னால் வந்தான்.

"மாமா, கொஞ்சம் இருங்க. காத்து திரும்பினதை நான் முன்னாடியே பாத்தேன். பாத்தும் லேட்டாதான் கை காட்டினேன்."

"ஏங்க?" என்றாள் மனைவி.

"அவர் கொஞ்சம் அசிங்கப்படட்டும்னு."

மனசாட்சி உறுத்திச் சொன்னானா, மாமனாரின் புகழ்ச்சி தாங்காமல் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை.

விமானி நல்ல கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தான். பிறகு சொன்னான்: "இதை அப்படியே எழுதிக் கொடுத்துடுங்கண்ணா. நான் சொன்னதையும் நான் மாத்த மாட்டேன்."

குரலில் கோபம் இல்லை. மன்னித்துவிட்டதாகவும் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே பெரியவர் விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தான். ஒரு வருடத்துக்குத் தரை வேலையிலிருந்து விலக்கி, உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். விமானியும் திரும்பப் பயிற்சிக்குப் போய், ஐந்தாம் மாதம்தான் மறுபடி பறந்தான். மனைவி இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அப்புறம் பேசினாள். மாமனார் இப்போதெல்லாம் பக்கத்து வீட்டாரிடம் எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் பேசுவதில்லை.