ரப்பர் வைக்காத என்ஜின்

சோறு பிசைய முடியாமல் தசரதன் விரல்களை உதறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் பாஞ்சாலைக்கு எங்கிருந்துதான் அப்படியொரு ஆத்திரம் வந்ததோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "வேணாம்டி, சும்மா இரு" என்று புருஷன் பின்னாலேயே ஓடிவந்தான். அவள் காதில் வாங்கினால்தானே!

பெட்ரோல் விலை கிடுகிடுவென்று ஏறிய வருஷம் அது. லாரி முதலாளி சக்கரவர்த்தி தன் பழைய வண்டியின் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் என்ஜினை ஏற்றினார். என்ஜினுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் நடுவே ரப்பர் மவுண்டிங் வைக்க வேண்டும்; அதிர்வைத் தாங்குவது அதுதான். அளவான ரப்பர் மெட்ராசிலிருந்து வர வேண்டியிருந்தது. மல்லாட்டை சீசனில், வேர்க்கடலை லோடு குவியும் நேரத்தில், வண்டி சும்மா நிற்பதா? "என்ஜினத் தாங்கற பிராக்கெட்டை அப்படியே சேசிஸோட வெல்டிங் வச்சுடுய்யா" என்று மெக்கானிக் பலராமனிடம் சொல்லிவிட்டார் அந்த மகராசன். அன்றிலிருந்து என்ஜின் ஆடிய ஆட்டமெல்லாம் ஸ்டீரிங் வழியாக டிரைவர் தசரதனின் கைக்குத்தான் வந்தது. சீசன் முடிந்தும் ரப்பர் வரவில்லை. கேட்டால், "அதான் ஓடுதே" என்பார்.

போளூர் ரோடு லாரி ஷெட்டில் சக்கரவர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, வண்டியில ஏறி உக்காருங்க" என்றாள் பாஞ்சாலை.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"ஏறுங்கன்றேன்! அந்த ஸ்டீரிங்கக் கொஞ்ச நேரம் புடிச்சுப் பாருங்க. எம் புருசன் கையில உணர்ச்சியே இல்ல. டம்ளர் புடிக்க முடியல. சட்டைக்குப் பட்டன் நான்தான் போட்டு வுடறேன். உங்க ஊட்டு ஆம்பளையா இருந்தா இப்படி வுடுவீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

தசரதன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் லேசாக அசைத்ததற்கே அவன் பிடி விட்டுப்போனது. அது அவள் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது.

ஷெட்டில் ஆள் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் சக்கரவர்த்தி ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்தார். பலராமன் எட்டி என்ஜினைக் கிளப்பினான். வண்டி கிடந்து உதறியது. "நிறுத்துய்யா, நிறுத்து!" என்று இறங்கிய முதலாளி உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"பலராமா, நாளைக்கே மெட்ராசுக்கு ஆள் அனுப்பி ரப்பர் வாங்கியாரச் சொல்லு. வெல்டிங்க வெட்டிட்டு ஒழுங்கா மாட்டு."

பாஞ்சாலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "பாத்தியா?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தசரதா, வண்டியில உன் சாமான் இருந்தா எடுத்துக்க" என்றார் சக்கரவர்த்தி. "வேற டிரைவரப் பாத்துக்கறேன். டம்ளரே புடிக்க முடியாதவன் கையில லோடு வண்டிய எப்படிக் குடுக்கறது? உம் பொண்டாட்டியே சொல்றாளே."

"அடப்பாவி! அந்தக் கையக் கெடுத்ததே நீதானேடா!" பாஞ்சாலை போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. அவர் மிச்ச டீயைக் குடித்தார்.

"இத்தினி நாளா யாருக்கும் தெரியாம ஓட்டிக்கினு இருந்தேன்டி" என்றான் தசரதன். "உன்ன யாரு கூப்பிட்டா?"

அவன் லாரியிடம் போனான். கதவின் கைப்பிடியை இரண்டு தரம் திருகிப் பார்த்தான், விரல்கள் வழுக்கின. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பாஞ்சாலைதான் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.