ஒன்பதாம் கட்டம், மூன்றாம் குழி

காட்டில் ஒரு பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியும் என்பதில் அவளுக்கு ஒரு காலத்தில் தலைகொள்ளாத பெருமை. மண் எடுக்கப் போகும் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற நாலு பேரும் அவசரம் வந்தால் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வருவார்கள். அவள் காலையில் அரை டம்ளர் டீயோடு வாயைக் கட்டிக்கொள்வாள். "நமக்கெல்லாம் நாக்கு வெளியே தள்ளுது, இது பாரு, ஒட்டகம் மாதிரி நடக்குது" என்று டிரைவர் ஒரு நாள் சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. அந்தப் பெயரை அவள் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தாள்.

இப்போது அவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மண் ஆய்வுப் பிரிவின் தலைவி, எல்லாருக்கும் மேடம். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்த ஆய்வு மாணவி ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"மேடம், இதுல ஒரே ஒரு சந்தேகம். ஒன்பதாம் கட்டம், மூணாவது குழி. அம்மோனியம் அறுபத்தொண்ணுன்னு இருக்கு. சுத்தி எல்லாம் நாலு, அஞ்சுதான்."

"பக்கத்துல சிவப்பு மையில எழுதியிருக்குமே."

"ஆமா. 'பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை. நீக்கப்பட்டது.' கீழ ரெண்டு கையெழுத்து. அப்ப விட்டுடவா?" மாணவி சிரித்தாள். "எனக்கென்னமோ அங்க மாடு வந்து போன மாதிரி இருக்கு மேடம்."

"நோட்டை வெச்சுட்டுப் போம்மா."

பக்கத்தைப் பார்க்காமலே சிவப்பு மையைச் சொல்லிவிட்டோம் என்பது மாணவி போன பிறகுதான் உறைத்தது. இருபத்து மூன்று வருடமாக அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் காட்டில் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய கூடம் அளவு. நாலு மூலையிலும் எண் எழுதிய இரும்பு முளை, சுற்றி நைலான் கயிறு. ஆறு கட்டங்களில் வருடத்துக்கு இரண்டு முறை நைட்ரஜன் உரம் தூவுவார்கள். மற்ற ஆறும் சும்மா இருக்க வேண்டும். காற்றோடும் மழையோடும் காட்டுக்குள் நைட்ரஜன் வந்து சேர்ந்துகொண்டே போனால், உதிர்ந்த இலை மட்கும் வேகம் மாறுமா, மண் தன்னிடம் இருக்கும் கார்பனைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா, காற்றில் விட்டுவிடுமா என்பதுதான் கேள்வி. சும்மா இருக்கும் ஆறு கட்டங்களை நம்பித்தான் பதில் இருந்தது. அதனால் கயிற்றுக்குள் சாப்பிடக் கூடாது, துப்பக் கூடாது, பழத்தோல் போடக் கூடாது. 'மற்றதும்' கூடாது என்று பேராசிரியர் முதல் நாளே தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லியிருந்தார், அவள் பக்கம் பார்க்காமல்.

மண் எடுப்பதற்கு முன் கட்டங்களைப் பார்த்து வரப் போன ஒரு நாள் அவளுக்கு நீர்க்கடுப்பு. குடிக்காமல் இருந்து இருந்தே வரவழைத்துக்கொண்டது. மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஆண்கள் தார்ப்பாய்க்குக் கீழே ஒண்டி நிற்க, அவள் எதையோ மறந்து வைத்தவள் போல மரங்களுக்குள் நடந்தாள். இதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்க முடியாது என்றானபோது கண்ணில் பட்ட பெரிய மரத்தின் பின்னால் உட்கார்ந்தாள். எழுந்து உடையைச் சரி செய்யும்போதுதான் ஒடிந்து விழுந்த கிளையைப் பார்த்தாள். கிளைக்குக் கீழே, சருகுக்குள் அமுங்கிக் கிடந்தது கயிறு. அவள் நின்றது உள்பக்கம். இரண்டடி தள்ளி முளையில் ஒன்பது, சும்மா இருக்க வேண்டிய ஆறில் ஒன்று.

மழைதான் கொட்டுகிறதே, கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைத்துக்கொண்டாள். சிறுநீர் மண்ணில் அம்மோனியமாக மாறும், அம்மோனியம் மண்ணை லேசில் விடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ளும் வித்தை முதன்முதலாக அன்றைக்குத்தான் கைவந்தது.

எட்டு நாள் கழித்து மண் எடுத்தார்கள். எங்கெங்கே குழி போடுவது என்பதைக் குலுக்கல் மாதிரி முன்கூட்டியே முடிவு செய்து அட்டவணை போட்டிருந்தார்கள். யாரும் தன் இஷ்டத்துக்கு இடம் பார்க்கக் கூடாது. ஒன்பதாம் கட்டத்தின் மூன்றாவது குழி நேராக அந்த மரத்தடிக்குப் போனது. அவள் கையால்தான் குழாயை இறக்கினாள். மண்ணைப் பையில் போட்டு எண் எழுதினாள். சொல்வதற்கு அங்கே ஒரு நிமிடம் கிடைத்தது. டிரைவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "என்ன ஒட்டகம், இன்னைக்காவது ஒரு வாய்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நிமிடம் போய்விட்டது.

ஆய்வகத்தில் அந்த மண்ணை உப்பு நீரில் குலுக்கி, வடிகட்டி, அளந்தது லேப் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவள். தற்காலிக வேலை, வருகிற ஏப்ரலில் நிரந்தரமாகிவிடும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை கழுவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் கவிழ்த்து வைப்பாள். "குழந்தைக்குப் பால் ஊத்துற பாட்டில்னு நினைச்சுக் கழுவணும்" என்பாள். அறுபத்தொன்று வந்ததும் தானே பதறிப்போய் இன்னும் இரண்டு முறை அளந்தாள். அதே அறுபத்தொன்று. மண்ணை எடுத்து வந்த அன்றே குலுக்கியாக வேண்டும். மீதி மண் உலர்ந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து செய்ய வழியில்லை. அதே பாட்டிலில் முந்தைய தடவை உரம் போட்ட கட்டத்து மண் இருந்ததைப் பேராசிரியர் பட்டியலில் கண்டுபிடித்தார்.

"மூணு தடவை கழுவினேன் சார்."

"கழுவியிருந்தா இது எங்கேருந்தும்மா வந்துச்சு? வானத்துலேருந்து குதிச்சுதா?"

லேப் அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிவப்பு மை வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஒட்டகம் மூன்றடி தள்ளி நின்று தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பளபளவென்று இருந்த தட்டு.

ஏப்ரல் பட்டியலில் லேப் அக்காவின் பெயர் இல்லை.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேராசிரியர் முகத்தைச் சுளித்து ஓர் எண்ணை அடித்திருப்பார். ஆண்கள் ஒரு மாதம் சிரித்திருப்பார்கள். ஒரு மாதச் சிரிப்பு, அவ்வளவுதான் மொத்தமும். அடுத்த வாரம் சொல்லலாம், அக்காவைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம், படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று தள்ளித் தள்ளி வைத்ததில் சொல்ல வேண்டிய விஷயம் மாறிப்போனது. முதலில் மரத்தடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. பிறகு அந்த மௌனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தலைவியானதும் முதல் வேலையாகக் காட்டில் பெண்களுக்கென்று கழிப்பறைக் கூடாரம் போட வைத்தாள். எல்லாரும் பாராட்டினார்கள். அப்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள்.

மறுநாள் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பழைய அலுவலகக் கோப்பில் இருந்த லேப் அக்காவின் விலாசத்தில் வேறு யாரோ இருந்தார்கள். அவர்கள் சொன்ன வழியில் போய், மூன்று மாடி ஏறி மணியை அழுத்தினாள். கதவைத் திறந்த லேப் அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"ஒட்டகமா! அட, உள்ள வா. மூணு மாடி ஏறி வந்திருக்கே, தண்ணி குடிப்பியா, இல்ல இன்னும் அதே விரதமா?"

"குடிக்கிறேன் அக்கா."

அக்கா கண்ணாடி டம்ளரைக் குழாயடியில் பிடித்தாள். வெளியே கிளம்பிக்கொண்டிருந்த மருமகள் செருப்பை மாட்டியபடி சொன்னாள்: "உட்காருங்க ஆன்ட்டி, நேரமாகும். எங்க அத்தை டம்ளரைக் கழுவி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்குத் தாகமே அடங்கிடும். இந்த வீட்டுல டம்ளர் உடையாது, தேய்ஞ்சேதான் போகும்."

"வாய் பேசினது போதும், பஸ்ஸைப் பிடி."

கதவு மூடிக்கொண்டது. அக்கா டம்ளரைக் கழுவுவதை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று, நான்கு, ஐந்து. பிறகுதான் டம்ளர் வெளிச்சத்துக்கு உயர்ந்தது.

"முன்னாடி மூணு தடவைதானே அக்கா?"

"மூணு பத்தலைன்னுதானே ஆச்சு" என்றாள் அக்கா, வெயில் அதிகம் என்று சொல்வது போல. "அப்புறம் ரத்தப் பரிசோதனை பண்ற இடத்துல கூப்பிட்டாங்க. நான் போகலை. யாரோட ரத்தமாவது என் கையால தப்பாயிட்டா? துணிக்கடைக்குப் போயிட்டேன். மடிச்சு வெக்கிறதுல யாருக்கு என்ன ஆகப்போகுது."

அவள் தண்ணீரைக் குடித்தாள். கீழே வைத்தாள். இத்தனை வருடம் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னாள்.

"அக்கா, அந்த அறுபத்தொண்ணு உங்க பாட்டில் இல்ல. அந்தக் குழி இருந்த இடத்துல நான் ஒண்ணுக்குப் போயிருந்தேன்."

லேப் அக்கா அவளையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஒட்டகமா? நீயா?" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பு நின்ற பிறகும் அது வந்துகொண்டிருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அப்பவே."

"நான் கையெழுத்துப் போட்டப்ப?"

"பக்கத்துலதான் நின்னேன்."

அக்கா கையை நீட்டி நோட்டை வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிப் பக்கத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கும் நேரமாகவில்லை. "வேலை போனதுகூட விடு. கடையில துணி மடிக்கிறப்ப எல்லாம் நினைச்சுப் பாப்பேன். அந்தப் பாட்டிலை மட்டும் எப்படி விட்டேன், அன்னைக்கு யார் கூப்பிட்டா, எதுக்குத் திரும்பினேன்னு. கழுவினது நல்லா ஞாபகம் இருக்கும். ஆனா என் ஞாபகத்தையே நான் நம்பலை." எண்ணின் மேல் விரலை வைத்தாள். "அப்ப இது சரியா?"

"சரிதான் அக்கா. நீங்க அளந்தது சரி."

"எழுது, அப்ப."

நூறு கட்டுரை எழுதிய கை பேனாவை வைத்துக்கொண்டு நின்றது. அக்கா உதவிக்கு வரவில்லை. கடைசியில் சிவப்பு வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'அளவு சரி. ஆய்வகத்தில் பிழை இல்லை. மண் எடுத்தவள் அந்த இடத்தில் சிறுநீர் கழித்ததை மறைத்துவிட்டாள்.' முழுப் பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாளைக்கு மாணவி இதைக் கணினியில் ஏற்றுவாள். ஏற்றட்டும்.

அக்கா இரண்டு முறை படித்துவிட்டு நோட்டை மூடினாள்.  

"பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றாள் அக்கா, சிரிக்காமல். "கிளம்புறதுக்கு முன்னாடி போயிட்டுப் போ. வழியில எதுக்கு வம்பு."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்கா காலி டம்ளரோடு குழாயடிக்குப் போனாள். ஒரு முறை கழுவினாள், இரண்டு முறை, மூன்று. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கவிழ்க்கப் போன கை பாதியில் நின்றது. மறுபடியும் குழாயைத் திறந்தாள்.