தோற்றவள் எடுக்கும் தண்ணீர்

ஊராருக்கும் உறவினருக்கும் இதனால் அறியத் தருவது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஏழு மணிக்கு, சாத்தூருக்குக் கிழக்கே இரண்டு மைலில், தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டும் குருவம்மாளின் வீட்டு வாசலில், பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுவது எப்படி என்பது பற்றிப் பள்ளிக் கமிட்டித் தலைவர் கண்ணுச்சாமி பேருரை ஆற்றிக்கொண்டிருந்தார். குருவம்மாள் விடியற்காலையிலேயே இறந்துபோயிருந்ததால் அவளால் எழுந்து போக முடியவில்லை.

"பிள்ளைகளுக்குப் பரிசு குடுக்கணும். எம்மகனுக்கு நான் கைக்கடிகாரம் வாங்கிக் குடுத்தேன்," என்றார் அவர்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே மகன் மூன்று தடவை பரீட்சை அறையிலிருந்து முதல் ஆளாக எழுந்து வந்தவன் என்பதை யாரும் நினைவூட்டவில்லை. சாவு வீடு அல்லவா.

வேலுத்தாய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரே மகள். பத்து மணிக்குச் சாத்தூரில் அவளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை.

"பெத்தவ பொணமாக் கெடக்கையில மக பேனாவத் தூக்கிட்டுப் போவாளா? ஊரு காறித் துப்பும்," என்றாள் அத்தை வீரலட்சுமி.

"செப்டம்பர்ல எழுதிக்கிடலாம்மா. எம்மகனும் செப்டம்பர்லதான் எழுதுதான்," என்று ஆறுதல் சொன்னார் கண்ணுச்சாமி.

"எந்த வருசத்துச் செப்டம்பர்ல அய்யா?" என்று கேட்டாள் மாடத்தி. ஆபீசில் பதினைந்து வருடம் குருவம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவள்.

வேலுத்தாய்க்கு எதுவும் காதில் ஏறவில்லை. பசைக் கிண்ணம் மூலையில் அப்படியே காய்ந்து கிடந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கிண்ணத்துக்கு முன்னால்தான் பந்தயம். அம்மா ஒரு குரோஸ், அதாவது நூற்று நாற்பத்து நான்கு பெட்டி, ஒட்டி முடிப்பதற்குள் மகள் ஒரு பாடத்தைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் குரல் தடுமாறினால் தெரியும். "மறுபடி மொதல்லருந்து சொல்லு," என்பாள். தோற்றவள் மறுநாள் அரை மைல் தள்ளியிருக்கும் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டும்.

ஐந்து வருடமாக அம்மாதான் எடுத்தாள். வேலுத்தாய்க்கு அதில் கொள்ளைப் பெருமை. போன வாரம்கூடச் சொல்லிச் சிரித்தாள்: "ஒனக்கு ஆமைக் கைம்மா."

இப்போது அதை மாடத்தியிடம் சொல்லி அழுதாள். "சாகப்போறவளப் போயி ஆமைக் கைன்னுட்டேன் சித்தி."

மாடத்தி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"யாருக்குடி ஆமைக் கை? நாங்க ஒரு குரோசு முடிக்கதுக்குள்ள ரெண்டு முடிச்சிட்டு, எங்கள வேற வைவா. ஆபீசுலயே அவ கைதான் கை. ஒங்கிட்டத் தோக்கத்தான் அவ பாடுபட்டா. 'பசையத் தொட்டுக்கிட்டுச் சும்மா ஒக்காந்துருக்கது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா மாடத்தி'ன்னு எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பா."

வேலுத்தாய் அழுகையை நிறுத்தினாள். அம்மாவின் கைகளைப் பார்த்தாள். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நகக்கண்ணில் பசை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

கண்ணுச்சாமி பேருரையில் 'முன்மாதிரி' என்ற பகுதிக்கு வந்திருந்தார்.

வேலுத்தாயின் அப்பா தங்கச்சாமி எழுந்து உள்ளே போனார். தகரப் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தார்.

"நீர்மாலை மூணு மணிக்கு. அதுக்குள்ள வந்துரு."

"ஊரு என்னண்ணே சொல்லும்?" என்றாள் வீரலட்சுமி.

"அதான் காலையிலருந்து சொல்லிக்கிட்டுத்தான இருக்கு," என்றார் தங்கச்சாமி, கண்ணுச்சாமி இருந்த பக்கம் திரும்பாமலே.

வேலுத்தாய் முகம் கழுவிக்கொண்டு போனாள். அவள் வீதி தாண்டும்வரை பேருரைகூட நின்றிருந்தது.

இரண்டரை மணிக்குத் திரும்பினாள். எப்படி எழுதினாய் என்று யாரும் கேட்கவில்லை. பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க மேளத்தோடு கிணற்றுக்குப் போனார்கள். முதல் குடம் மகளுடையது. கயிற்றைப் பிடிக்கவே அவளுக்குத் தெரியவில்லை. வாளி இரண்டு தடவை சுவரில் மோதிப் பாதித் தண்ணீரோடு வந்தது. மாடத்தி உதவிக்குக் கை நீட்டினாள்.

"வேண்டாம் சித்தி, நானே எடுக்கேன்."

அரை மைல் தூரமும் குடம் இடுப்பில் நிற்காமல் சரிந்தது. பாவாடை முழுக்க நனைந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது. அதை அம்மாவின் தலையில் ஊற்றினாள். உள்ளங்கையில் கயிறு அறுத்த இடம் எரிந்தது.

ஜூன் மாதம் முடிவு வந்தது. மரண வேளையிலும் தாம் ஆற்றிய உரை ஒரு மாணவியைப் பரீட்சைக்கு அனுப்பிவைத்த வரலாற்றைக் கண்ணுச்சாமி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் விளக்கினார். கைதட்டல் கிடைத்தது.

கணக்கில் தேற முப்பத்தைந்து வேண்டும். வேலுத்தாய் வாங்கியது முப்பத்தாறு.