ஏழரைக் கிலோ கொசுறு

ஒலிம்பிக்குக்குப் போகிற வழிக்கு என்ன விலை என்று யாராவது கேட்டிருந்தால் ஆம்ப்ரோஸ் யோசிக்காமல் சொல்லியிருப்பான்: கிலோ இருபத்துநான்கு ரூபாய், வண்டிக் கூலி தனி.

பொம்மசந்திராவில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்த சின்னப்பா முதலில் சொன்ன விலை முப்பது. சிவாஜிநகரில் இரண்டு தலைமுறையாகப் பழைய இரும்புக் கடை நடத்துகிற குடும்பத்தில் பிறந்தவன், சொன்ன விலைக்கு வாங்கினால் செத்துப்போன அப்பா ரெமிஜியஸ் கல்லறையைவிட்டு எழுந்து வந்துவிடுவார். ஆகவே ஆம்ப்ரோஸ் முறைப்படி எல்லாம் செய்தான். கொட்டாவி விட்டான். இரும்பைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கடைசியில் எழுந்து, செருப்பில் காலை நுழைத்து, வாசல்வரை போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முதுகு காட்டினால் மூன்று எண்ணுவதற்குள் கூப்பிடுவார்கள் என்பது சாஸ்திரம். சின்னப்பா கூப்பிடவில்லை. அவரும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர். வேறு வழியில்லாமல் ஆம்ப்ரோஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

இருபத்துநான்குக்குக் கீழே ஒரு பைசா இறங்க மாட்டேன் என்றார் சின்னப்பா. சரி, விலை உங்களுடையது, கொசுறு என்னுடையது என்றான் ஆம்ப்ரோஸ். கறிவேப்பிலை இல்லாமல் காய்கறி வாங்குவது உண்டா? இருபது கிலோவுக்கு ஒரு கிலோ இனாம். சின்னப்பா சிரித்துவிட்டார். அச்சில் ஒரு நூல் தடிமன் கூட்டிவிட்டால் போயிற்று என்று ஒத்துக்கொண்டார். இருவரும் டீ குடித்தார்கள். இரண்டு பேரும் மற்றவனைக் கவிழ்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுந்தார்கள். வியாபாரத்தில் இதைவிடச் சுபமான முடிவு கிடையாது.

வார்த்து வந்தவை பளுதூக்கும் தட்டுகள். அவனுடைய மனைவி சரளாவுக்கு.

கல்யாணத்துக்கு முன்பே சரளா தேசிய முகாமில் இருந்தவள். ஐம்பத்துமூன்று கிலோப் பிரிவு. கல்யாணமான அடுத்த வருடம் வயிற்றில் ஸ்னேஹா வந்ததும், ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முகாமிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆம்ப்ரோஸை அதுதான் அரித்தது. குறை சொல்கிறவர்களோடு அவனுக்குப் பழக்கம் உண்டு. பாதிக்குப் பேசி முடித்துவிடலாம். விலையே சொல்லாத ஆளிடம் எங்கே ஆரம்பிப்பது?

குழந்தை தவழத் தொடங்கியபோது, கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையைக் காலி செய்து, மணல் கொட்டி, அதன்மேல் பலகை அடித்து, நல்ல விலைக்கு வெளியில் வாங்கிய கம்பியையும் சின்னப்பாவின் தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தான். சரளா உள்ளே வந்து, தட்டில் புடைப்பாக வார்த்திருந்த 20 என்ற எண்ணைக் குழந்தையின் கன்னத்தைத் தடவுவது போலத் தடவினாள்.

“எவ்ளோ குட்த்தே?”

“சும்மா வந்துச்சு.”

இரும்பு சும்மா வராது என்று இரும்புக்கடைக்காரன் மனைவிக்குத் தெரியாதா? ஆனால் அன்று அவள் மேலே கேட்கவில்லை. அவனும் கொசுறு விஷயத்தைச் சொல்லவில்லை. பெண்டாட்டிக்குக் கொடுக்கிற பரிசில் அடித்த பேரத்தைப் பெண்டாட்டியிடமே பீற்றிக்கொள்வது நாகரிகமில்லை என்று நினைத்தான். பிறகு மறந்தே போனான்.

அடுத்த வருடம் சிட்னியில் ஒலிம்பிக். பெண்களும் பளு தூக்கலாம் என்று அங்கேதான் முதல் தடவையாகக் கதவைத் திறக்கிறார்கள். ஆனால் கதவுக்கு முன்னால் எத்தனை கதவு! முதலில் தேர்வுப் போட்டியில் குறித்த எடையைத் தூக்க வேண்டும். தூக்கினால் முகாம். முகாமில் நிலைத்தால் வெளிநாட்டுப் போட்டி. அங்கே எடுக்கிற புள்ளியை வைத்து நாட்டுக்கு இத்தனை இடம் என்று பங்கு பிரிப்பார்கள். அந்தப் பங்குக்கு நம் வீட்டுக்குள்ளேயே அடிபிடி. ஆம்ப்ரோஸுக்கு இது உடனே புரிந்தது. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்குகிற கதைதான். கார்டு இருக்க வேண்டும், கோட்டா இருக்க வேண்டும், நம் முறை வரும்போது பீப்பாயில் மிச்சம் இருக்க வேண்டும்.

சரளாவின் பிரிவுக்குக் குறித்த எடை நூற்றெண்பத்தைந்து. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்குவது ஒன்று; தோளில் வாங்கி நிறுத்தி, பிறகு மேலே தள்ளுவது இன்னொன்று. இரண்டையும் கூட்டி நூற்றெண்பத்தைந்து வர வேண்டும்.

அவளுடைய பயிற்சியாளர் ஓஸ்வால்டின் கூடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி பொம்மசந்திராவில் பம்ப் செய்கிற தொழிற்சாலைக்குப் போய், மாலையில் திரும்பி, பக்கத்து வீட்டு ஃபாத்திமா பாஜியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறவளுக்கு அங்கே போக நேரம் ஏது? கடை டெலிபோனில் ஓஸ்வால்ட் சொல்வார், கொட்டகையில் இவள் தூக்குவாள். ஒரு வருடம் இப்படியே போயிற்று. முதல் வகையில் எண்பது, இரண்டாவதில் நூறு. மொத்தம் நூற்றெண்பதில் வந்து முளையில் கட்டிய மாடு மாதிரி நின்றுவிட்டாள். மேலே ஒரு சின்னத் தட்டு ஏற்றினாலும் கம்பி முழங்காலுக்கு மேல் வர மறுத்தது.

இந்த ஒரு வருடத்தில் ஆம்ப்ரோஸ் செய்யாத உபசாரம் இல்லை. முட்டைக்காரனிடம் மொத்த விலை பேசினான். கொட்டகைக்கு வெளியே மூலையில் தையல் மெஷின் போட்டிருந்தவனைக் கிளப்பிக் கொட்டகைக்குக் காற்று வரச் செய்தான். அவள் தூக்கும்போது இவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவள் கம்பியைப் போட்டதும் இவனுக்கு இருமல் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் ஸ்னேஹாவைக் கடைத் தராசில் உட்கார வைத்து நிறுப்பான். மேடை வைத்த பெரிய தராசு. அதன் கோலின் நுனியில் எப்போதும் ஒரு வாஷர் தொங்கும். வாங்குகிற சரக்கின் எடையைக் கொஞ்சம் அடக்கமாகக் காட்டுவதற்கு அப்பா காலத்தில் ஏற்பட்ட ஆபரணம் அது. மகளை நிறுக்கும்போது மட்டும் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தேர்வுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள். மறுநாள் மதியத்துக்குள் ஓஸ்வால்ட் பெயர்களைக் கொடுத்தாக வேண்டும். சரளா கொட்டகையிலிருந்து ஒரு இருபது கிலோத் தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்து தராசுப் பலகைமேல் வைத்தாள்.

“நிறுத்துப் போட்டுக்கோப்பா.”

“இன்னாத்துக்கு?”

“பழைய இரும்புதானே. நாளைக்கு சாருக்குப் போன் பண்ணி என் பேரு வாணாம்னு சொல்லிடறேன். அஞ்சு கிலோ கொறையுது. ஒரு வருசமா கொறையுது. அங்க போய் பத்துப் பேர் எதிர்ல கொறையறத்துக்கு இங்கியே கொறைஞ்சுக்கறேன்.”

அழுதிருந்தால் ஆம்ப்ரோஸ் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் அழவில்லை. ஸ்னேஹாவின் மூக்கைத் துடைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுக்கத் திரும்பினாள். என்ன செய்வதென்று தெரியாதவன், தெரிந்ததைச் செய்தான். கோலில் குண்டை நகர்த்தினான். இருபதில் நிறுத்தினான். கோல் சமநிலைக்கு வரவில்லை. முட்டிக்கொண்டு மேலேயே நின்றது.

சரளா திரும்பிப் பார்த்தாள். பழைய இரும்புக் கடைத் தராசு உள்ளதைவிடக் கூட்டிக் காட்டியதாகச் சிவாஜிநகர் சரித்திரத்திலேயே கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

“வாஷரைக் கழட்டு,” என்றாள்.

கழற்றினான். கோல் இன்னும் உயர்ந்தது. குண்டை நகர்த்த நகர்த்த, சரியாக இருபத்தொன்றில் வந்து கோல் படுத்தது.

ஆம்ப்ரோஸின் காதில் சின்னப்பாவின் சிரிப்பு கேட்டது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தது, டீ குடித்தது, ஒரு நூல் தடிமன், எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த சரளா உள்ளே போய்ப் பத்துக் கிலோத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பத்தரை. ஐந்து கிலோத் தட்டில் கால் கிலோ கூட.

அவன் சொல்லிவிட்டான். பட்டறை, பேரம், கறிவேப்பிலை, ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே போயிற்று. இரும்பை எடை போட்டே வளர்ந்தவனுக்கு, இரும்பு அதிகம் வந்தால் அது ஒருத்தியின் தோள்மேல் உட்காரும் என்று தோன்றவே இல்லை.

சரளா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். கம்பியின் பதினைந்து கிலோவைத் தள்ளிவிட்டுத் தட்டுக்கு மட்டும், இருபதுக்கு ஒன்று. எண்பதில் மூன்றேகால். நூறில் நாலேகால்.

“ஏழரை,” என்றாள். “ஏழரை கிலோ. அப்ப நான் தூக்கினுகிறது நூத்தி எம்பத்தேழரை.”

“ஆமா.”

“ஒரு வருசமா ஏமாத்தினியா என்னை?”

“ஏமாத்தறதுன்னா கொறைச்சுக் குடுக்கறது சரளா. கூடக் குடுத்து ஏமாத்தினவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்.”

அவள் தராசுப் பலகைமேல், தட்டுகளுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று ஆம்ப்ரோஸுக்குப் புரியவில்லை. இரண்டும் கலந்த சரக்கு என்று பிறகு தெரிந்தது. பெரிய வியாபாரம் முறிகிற மாதிரி இருந்தால் என்ன செய்வானோ அதையே செய்தான். எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கிவந்து கொடுத்தான். அவள் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவனிடம் நீட்டினாள். அந்த நீட்டலில் அவனுக்குப் பாதி மன்னிப்பு வந்து சேர்ந்தது. மீதிப் பாதியைத் தேர்வு முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தாள்.

அதற்குக் காரணம் தேர்வன்று தெரிந்தது. கண்டீரவா உள்ளரங்கில் முதல் தூக்கு. எண்பது கிலோ என்று சத்தமாக அறிவித்தார்கள். எண்பத்துமூன்றேகால் கிலோவுக்குப் பழகியிருந்த அவளுடைய உடம்பு, ஒரு வருடத்துப் பழக்கத்தில் கம்பியை இழுத்தது. இழுத்த வேகத்தில் கம்பி இறகு மாதிரி பறந்து, தலைக்குமேல் நிற்காமல் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. தோல்வி. கூரைக்கு எறியச் சொன்னது யாரம்மா என்று ஓஸ்வால்ட் தலையில் கை வைத்தார். சரளா அவரைப் பார்க்கவில்லை. பார்வையாளர் வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். பார்த்து, விஷயம் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி, ஒரு புருவத்தை உயர்த்தினாள். உன் கறிவேப்பிலைதான் இது என்றது அந்தப் புருவம்.

அடுத்ததில் கையை அடக்கிக்கொண்டாள். எண்பது நின்றது. அதற்கடுத்து எண்பத்திரண்டரை, அதுவும் நின்றது. இரண்டாவது வகையில் தொண்ணூற்றேழரையைத் தள்ளி நிறுத்தினாள். நூற்றிரண்டரைக்குப் போனபோது தோள்வரை வந்த கம்பி மேலே போகாமல் கீழே விழுந்தது. அதே எடைக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதைத் தூக்கினால் மொத்தம் நூற்றெண்பத்தைந்து, ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டான். சிவாஜிநகர் மாதாவிடம் அவன் வழக்கமாகப் பேரம் பேசுவான். பெரிய மெழுகுவர்த்தி என்று ஆரம்பித்துச் சின்னதில் முடிப்பான். இன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. என்ன கேட்கிறாயோ கேள், கொடுக்கிறேன் என்று விட்டுவிட்டான். சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டது அவன் பரம்பரையில் அதுவே முதல் தடவை.

கண்ணைத் திறந்தபோது கம்பி மேலே இருந்தது. நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்த பிறகுதான் சரளா கம்பியை விட்டாள். ஸ்னேஹாவுக்குக் கைதட்டல் புதிது. பயந்து அலறி அப்பாவின் காதைக் கடித்தாள்.

முகாம் வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரம். ஆறு மாதம். போகிற காலையில் வாசலில் ஆட்டோ நிற்க, பெட்டி ஏறிய பிறகும் சரளா குழந்தையைக் கீழே விடவில்லை. தட்டுகளை எல்லாம் உருக்கிச் சரியான எடைக்கு வார்த்து வைக்கிறேன், இந்தத் தடவை கொசுறு கேட்க மாட்டேன் என்றான் ஆம்ப்ரோஸ்.

“ஒண்ணும் வாணாம். அப்படியே இருக்கட்டும். அது எனக்கு வந்தது.”

பிறகு அவள் கடைக்குள் போய் ஸ்னேஹாவைத் தராசில் உட்கார வைத்தாள். ஆம்ப்ரோஸிடம் கையை நீட்டினாள். ஆம்ப்ரோஸ் வாஷரைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான். அவளே குண்டை நகர்த்தினாள், அவளே படித்தாள்.

“பத்தேகால். நல்லா பாத்துக்கோ. நான் வரும்போது ஒரு கிராம் கொறைஞ்சிருந்தா சும்மா உட மாட்டேன்.”

“கொசுறோட குடுக்கறேன்.”

“அது வேற,” என்றவள் சிரிக்கப் போய், முடியாமல், அவனுடைய சட்டைப் பொத்தானைச் சரி செய்கிற மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். வாஷரை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டு, தோளில் தூங்கும் ஸ்னேஹாவோடு ஆம்ப்ரோஸ் மனத்துக்குள் கணக்கை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தான். கேட்காமல் கொடுத்தது, ஏழரைக் கிலோ. அதில் சேதாரம், முதல் தூக்கு. மாதாவுக்குப் பெரிய மெழுகுவர்த்தி, சொன்ன விலைக்கே, தீர்ந்தது. வாஷர் ஒன்று, பறிமுதல். ஸ்னேஹா, பத்தேகால் கிலோ, பத்திரமாக வைத்திருக்கக் கைமாற்று. சரளா, ஐம்பத்துமூன்று கிலோ, வரவேண்டிய பாக்கி.