உள்ளே சாமி இருக்குது

கிராமபோன் பெட்டி என்றால் போதும், அற்புதத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். குழாயை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியைச் சொல்லவில்லை. நெஞ்சு உயரத்துக்கு அலமாரி மாதிரி நாலு காலில் நிற்குமே, குழாயை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டு, அந்தப் பெரிய பெட்டி. துரைமார் ஏற்காட்டை விட்டுக் கிளம்பியபோது தூக்கிப்போக முடியாமல் பட்லருக்கு ஒன்று, தோட்டக்காரனுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போனவை. எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்துக்கொண்டே அற்புதம் மலை முழுக்க அவற்றைத் தேடி அலைந்தார். வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அவர் வீட்டில் இருந்ததே ஒன்றுதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனால் இதில் பித்தளைக் கீல், அதில் இரும்புக் கீல். இதற்கு வளைந்த கால், அதற்கு நேர்க்கால். ஏன் மாறியது, எப்போது மாறியது என்பதுதான் அவர் மண்டையைக் குடையும் விஷயம்.

“பொண்டாட்டி கம்மல் மாறினாத் தெரியாது, பொட்டிக்குத் திருகாணி மாறினாத் தெரிஞ்சுரும்” என்பாள் அவர் மனைவி இன்பமேரி. அவள் சொன்னதில் தப்பே இல்லை.

இந்தப் பைத்தியத்தில் அவருக்குத் துணை அங்கப்பன். கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அற்புதம் மரத்தைப் பார்ப்பார், அங்கப்பன் உள்ளே இருக்கிற இயந்திரத்தைப் பார்ப்பார். மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடித்து அற்புதம் வந்ததும் ராஜ்தூத் வண்டியில் இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

எண்பத்து மூன்றில் வந்தது வினை. பழைய கிராமபோன் சேகரிப்பவர்களுக்கென்று பம்பாயிலிருந்து ஒரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் அற்புதம் ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பெட்டிகளுக்கு முன்பக்கம் இரண்டு சின்னக் கதவு உண்டு. திறந்தால் பாட்டு ஓங்கும், சாத்தினால் அடங்கும். கதவுக்குப் பின்னால் குழாயின் வாயை மறைத்துச் சாய்வாக மரச்சட்டங்கள் இருக்கும். ஆனால் ஒரு வகையில் சட்டத்துக்குப் பதிலாகக் கொடியும் இலையுமாகச் செதுக்கிய கிராதி இருந்தது, சின்ன வயதில் என் அப்பா வேலை பார்த்த பங்களாவில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அடுத்த மாதமே பம்பாய்க்காரர் ஒருவர் பதில் போட்டார். அப்படி ஒரு வகை கிடையவே கிடையாதாம். ஏற்காட்டு நண்பர் கனவில் பார்த்திருக்கலாமாம்.

அச்சில் வந்துவிட்டதே! நாடு பூராவும் படிப்பார்களே! அற்புதத்துக்கு வயிறு எரிந்தது. பொய்யன் என்று ஒருத்தன் சொன்ன பிறகு, ஒரு கிராதிப் பெட்டியையாவது கண்டுபிடித்துப் படம் எடுத்து அனுப்பாமல் அவரால் நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அங்கப்பன் ஒரு சேதி கொண்டுவந்தார். செம்மநத்தத்தில் செல்லப்பன் என்று ஒரு குடியானவர். அவர் வீட்டில் ஒரு பெட்டி நிற்கிறது.

போனார்கள். செல்லப்பன் காட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கண்ணாயி மோர் கொடுத்து உட்கார வைத்தாள். முப்பது வயதுதான் இருக்கும், முகத்தில் மட்டும் இன்னும் பத்து வயது கூடியிருந்தது. மூலையில் பெட்டி நின்றது. அதன் முன்னால் சின்னத் தட்டில் ஒரு பொரியுருண்டை. மேல் மூடியைத் திறந்து காட்டச் சொன்னதும் திறந்து காட்டினாள். அங்கப்பன் குனிந்து பார்த்தார். ஊசியிலிருந்து பாட்டைக் கீழே கொண்டுபோகிற வளைந்த குழாய் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. கீல், கால், எல்லாமே அற்புதம் சின்ன வயதில் பார்த்த அதே வகை. அவருக்குக் கை பரபரத்தது.

“இந்த முன்கதவைக் கொஞ்சம் தொறக்கலாமுங்களா?”

கண்ணாயி குறுக்கே வந்து நின்றுவிட்டாள். “அது மட்டும் வேண்டாமுங்க. உள்ள சாமி இருக்குது.”

“ஒரு நிமிசந்தானுங்கம்மா. தொடக்கூட மாட்டேன்.”

“வேண்டாமுங்க. தொறந்தாப் போயிருமுங்க.”

அந்தக் கதவின்மேல் கறுப்பாக ஒரு மைப்பொட்டு வைத்திருந்தது. அற்புதம் அதைப் பார்த்தார், மை மெருகைக் கெடுத்துவிடுமே என்று கவலைப்பட்டார். அடப் புண்ணியவானே, எந்த ஊரில் தெய்வத்துக்கு மைப்பொட்டு வைக்கிறார்கள்? அது கண்ணேறு படாமல் இருக்க யாருக்கு வைப்பது? அங்கப்பனுக்காவது உறைத்திருக்கலாம். அவரோ கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அற்புதம் பொருமினார். “கிராமபோனுக்குள்ள போயிச் சாமியக் குடி வெச்சிருக்கறாங்களே, வேற எடமே கெடைக்கலியா?”

“ரைட்டரே, சாமி காரியத்துல வாயக் குடுக்காதீங்க” என்றார் அங்கப்பன். கொஞ்ச தூரம் போய் அவரே ஒரு வழியும் சொன்னார். “பூக் கேட்டுப் பாக்கலாமுங்க. சாமி உத்தரவு குடுத்துட்டா அந்தம்மா தடுக்க மாட்டாங்க.”

பூக் கேட்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தால் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவதுவரை இப்படித்தான் கேட்பார்கள். “எது எதுன்னு எனக்குத் தெரியக்கூடாது. நீங்களே மடிச்சுட்டு வந்துருங்க” என்றார் அங்கப்பன்.

காப்பி பூத்திருந்த சமயம். எஸ்டேட் முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்து மணந்தது. அற்புதம் ஒரு கொத்துக் காப்பிப் பூவும் ஒரு செவ்வரளியும் பறித்துக்கொண்டு ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்தார். வெள்ளையை ஒரு காகிதத்தில் மடித்தார். அரளியைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இது நம்ம சாமி இல்லையே, நமக்கென்ன பயம் என்று தோன்றியது. அரளியை ஜன்னல் வழியே வீசிவிட்டு, இரண்டாவது காகிதத்திலும் காப்பிப் பூவையே வைத்து மடித்தார்.

செம்மநத்தத்தில் அங்கப்பன் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாயி அப்படியே நின்றாள்.

“எஞ்சாமிகிட்டக் கேக்க முடியுமுங்களா?”

“ஏனுங்க முடியாது? பூப்போட்டாத் தன்னால உத்தரவு குடுக்கும்.”

“அது சொல்லுமுங்களா? எனக்குச் சொல்லுமுங்களா?” அவள் உதடு நடுங்கியது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள் இரண்டு பேரும்.

அங்கப்பன் கர்ப்பூரம் கொளுத்தினார். அற்புதம் பொட்டணங்களைத் தரையில் போட்டார். கண்ணாயி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. காப்பிப் பூவை முகத்தோடு சேர்த்துவைத்து ஓவென்று அழுதாள். பிறகு மைப்பொட்டின்மேல் கை படாமல் அவளே இரண்டு கதவையும் திறந்தாள்.

உள்ளே விக்கிரகம் இல்லை. வேல் இல்லை, கல் இல்லை. குழாயின் அகன்ற வாய்க்குள் மடித்து வைத்த ஒரு சின்னக் கவுன் இருந்தது. நாலு வயதுக் குழந்தை போடுகிற பூப்போட்ட கவுன்.

கண்ணாயி முழங்காலிட்டுத் தலையை அந்த வாய்க்குள் நுழைத்தாள். “சாமி, அம்மா வந்திருக்கறன் சாமி. நீதானே தொறக்கச் சொன்னே? பேசு கண்ணு.” அவள் குரல் குழாய் வழியாக ஏறி மேலே வளைந்த குழாயில் மெல்லிசாக வந்தது. அவள் எழுந்து ஓடி மூடியைத் தூக்கி அங்கே காது வைத்தாள். மறுபடி குனிந்து கூப்பிட்டாள். மறுபடி எழுந்து காது வைத்தாள்.

அற்புதம் இரண்டடி பின்வாங்கினார். ஆனாலும், எப்படிச் சொல்ல, அந்த நேரத்திலும் பாழாய்ப்போன அவர் கண் கதவுக்குப் பின்னால் போய் நின்றது. குழாயை மறைத்திருந்ததை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுகளில் கொடி தெரிந்தது, இலை தெரிந்தது. கிராதிதான். அவர் சொன்னதுதான் சரி.

புல்லுக்கட்டோடு வந்த செல்லப்பன் கட்டை அப்படியே கீழே போட்டார். “கதவை ஏனுங்க தொறந்தீங்க? அய்யோ, ஏனுங்க தொறந்தீங்க?” மனைவியைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத்தான் பேசினார். “சாமின்னு இவ சொல்றது எங்க புள்ளையத்தானுங்க. மூணு வருசம் ஆச்சு, காய்ச்சல்ல போயிருச்சு. சேலத்துக்குக் கொண்டுபோக ஜீப் வர்றதுக்குள்ளயே போயிருச்சுங்க. இதுக்குள்ள தலைய உட்டு அம்மான்னு கத்தும். இவ மேல் மூடியத் தொறந்து காது வெச்சுக் கேப்பா. தலை நொழையோணும்னு நாந்தான் அந்தக் கிராதிய அறுத்து உட்டேன். அது போனப்பறம் இவ கதவைச் சாத்திட்டா. உள்ளதான் இருக்குது, கதவைத் தொறந்தாத்தான் போயிருமுன்னு சொல்லிக்கிட்டு, ஏதோ நாலு வாய் சோறு தின்னுட்டு இருந்தா.”

அங்கப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “சாமின்னா நாங்க கோயில் சாமின்னுல்ல நெனைச்சோம்!”

அற்புதம் காமிராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது அவர் மகள் அமலி வழக்கம்போல ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். வழக்கம்போல அவரும், “வா சாமி” என்றார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தினமும் பத்துத் தடவை சொல்கிற சொல். மலையில் பிள்ளை பெற்ற எவரும் சொல்கிற சொல். அதை அடுத்த மதத்துக்காரர் வீட்டில் கேட்டதும் அவருக்குத் தெய்வம்தான் ஞாபகம் வந்தது, பிள்ளை ஞாபகம் வரவில்லை. அவளைத் தூக்கியவர் இறக்கிவிடவே மனமில்லாமல் நின்றார். இன்பமேரி என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். பம்பாய்க்காரருக்கு அவர் எழுத உட்காரவேயில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் கண்ணாயி வந்து நின்றாள். கையில் சந்தைப் பை. அமலியை ஒரு தடவை பார்த்தாள், சிரித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடியிலிருந்து ஒரு கசங்கிய காகிதப் பொட்டணத்தை எடுத்து நீட்டினாள். அவர் அங்கேயே விட்டுவிட்டு வந்த இரண்டாவது பொட்டணம். பிரித்திருந்தது. உள்ளே காப்பிப் பூ காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது.

“இதும் வெள்ளைதானுங்க” என்றாள்.

அற்புதம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப எஞ்சாமிகிட்ட நீங்க கேக்கவே இல்லீங்களே.”

“தப்புப் பண்ணிட்டனுங்கம்மா. பெரிய தப்பு. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். அவள் அதற்கெல்லாம் வரவில்லை.

“அது கெடக்குதுங்க. அன்னிக்கே கதவைச் சாத்திப்போட்டேன். உத்தரவு குடுக்காம அது எப்படிப் போகும், போயிருக்காதுன்னு எங்கூட்டுக்காரரு சொல்றாரு. ஆனா இப்ப மேல காது வெச்சா ஒண்ணுமே கேக்கலீங்க. முந்தி எனக்குக் கேட்டுதுங்க, சாமி சத்தியமாக் கேட்டுது.” அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “நீங்க இந்தப் பொட்டியப் பத்தி எல்லாந் தெரிஞ்சவிங்களாமே. ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்க. உள்ள இருக்குதா, போயிருச்சா?”

கீலைப் பார்த்து வருஷம் சொல்லுகிற மனுஷன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாயி பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.