ஒரு பக்க வெயில்

லைசன்ஸ் புதுப்பிக்கப் படம் எடுக்கப் போன இடத்தில்தான் டிரைவர் தன் முகத்தைச் சரியாகப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் விளக்கை இரண்டு முறை நகர்த்தி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"நிழல் விழுதோன்னு நினைச்சேன் சார். நிழல் இல்ல, முகமே அப்படித்தான் இருக்கு."

மூக்கின் நடுவே கோடு கிழித்ததுபோல் முகம் இரண்டாக இருந்தது. இடது கன்னம் அவருடைய வயதில் இருந்தது. வலது கன்னம் கறுத்து, தடித்து, கண்ணோரம் வரை சுருங்கிப் பத்து வயது கூடியிருந்தது. அதன் மேட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு திட்டு, தோல் உரிந்தபடி. இருபத்திரண்டு வருடங்களாகப் பேருந்தின் வலது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்.

"கம்ப்யூட்டர்ல ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்கிடட்டுமா?"

"வேணாம்பா. அப்புறம் போலீஸ்காரன் பாதி முகத்துக்குத்தான் லைசன்ஸ் இருக்குன்னு சொல்லுவான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க, எதிரே வந்தவர்களிடம் இடது பக்கத்தைக் காட்டியே பேசினார்.

தோல் டாக்டர் இளம் பெண். கண்ணாடி வைத்து அந்தத் திட்டை நெடுநேரம் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல, வெயில்தான். இப்படியே விட்டா ஒருநாள் பயப்பட வேண்டி வரும். முகத்துக்கு என்ன சோப்பு போடறீங்க?"

"டிப்போல கை கழுவ வச்சிருக்கற சோப்பு."

"கிரீஸ் போறதுக்கு வச்சிருக்கறதா?"

டாக்டர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். காலையில் மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவ வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். கிளம்பக் கால் மணி நேரம் முன்னால் சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்கு. மதியம் கழுவிவிட்டு மறுபடி சன்ஸ்கிரீன். இரவு கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர்.

"மதியம் போட்டே ஆகணுமா?"

"ஏன், மதியம் வெயில் அடிக்காதா?"

காலையும் இரவும் பிரச்சினை இல்லை, வீட்டுக்குள் நடப்பது. "நானும்தான் அஞ்சு வருஷமா சொன்னேன். நான் ஃபீஸ் வாங்கல, அதனால உங்க காதுல ஏறல" என்று மனைவி சொன்னதோடு அது முடிந்தது. மதியம் அவர் டிப்போவின் ஓய்வறையில் இருப்பார். அங்கே ஒரே ஒரு கண்ணாடி, வாஷ்பேசினுக்கு மேல். அதன் எதிரே நீள மேசை. ஒரு நேரத்தில் பதினைந்து பேராவது அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தக் கண்ணாடி முன்னால் கிரீம் தடவிக்கொள்ளும் ஆணுக்கு அங்கே என்ன நடக்கும் என்பது வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். நடத்தியதே அவர்தான்.

பதினோரு வருடங்களுக்கு முன், புதிதாக வந்திருந்த கண்டக்டர் ஒருவர் சாப்பிட்டு முடித்து, முகம் கழுவி, பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து இரண்டு விரலால் கிரீம் தொட்டுப் பூசிக்கொண்டார். யாருக்கும் மறைக்கத் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்வதுபோல, சாவகாசமாக. டிரைவர் மேசையிலிருந்து கேட்டார்: "ஏம்ப்பா ஸ்னோ, பஸ்ல டிக்கெட் குடுக்கப் போறியா, இல்ல பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

சிரிப்பில் ஓய்வறை அதிர்ந்தது. முகத்துக்குப் பூசும் கிரீமின் அந்தப் பெயர் அன்று சாயங்காலத்துக்குள் மூன்று ஷிப்டுக்கும் பரவியது. ட்யூட்டி பலகையில் யாரோ சாக்பீஸால் 'ஸ்னோ' என்று எழுதினார்கள். டைம்கீப்பர் அழிக்காமல் விட்டார். ஒருமுறை கண்டக்டரின் மனைவி மறந்துபோன மூக்குக்கண்ணாடியைக் கொண்டு வந்தபோது, வாட்ச்மேன் "ஸ்னோ வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்டார். அப்போது டிரைவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றாள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த டப்பாவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

இப்போது இரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி, பதினேழாம் எண். மதியம் கண்டக்டர் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனதும், டிரைவர் வெயில் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரில் முகத்தை நனைத்துத் துடைத்து, பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துச் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்வார். வலது கன்னத்துக்கு மட்டும். வெயில் அந்தப் பக்கம்தானே வருகிறது. பூசி முடித்து டியூபை, வண்டி துடைக்கும் துணியில் சுற்றி இருக்கைக்குக் கீழே தள்ளிவிடுவார். திருடுகிறவனுக்குக்கூட இவ்வளவு வியர்க்காது என்று தோன்றும்.

ஒன்பதாவது நாள் வண்டி கழுவும் அம்மா அந்தத் துணியை உதறியிருக்கிறார். டியூபை ஓய்வறைக்குக் கொண்டு வந்து டைம்கீப்பரிடம் கொடுத்தார். சாப்பாட்டு நேரம். டைம்கீப்பர் அதை ஏலம் விடுகிறவர்போலத் தூக்கிப் பிடித்தார்.

"வெயில் படாம பாத்துக்கற கிரீமாம். எந்த மகராசனோடது?"

"எந்த வண்டிம்மா?" என்றார் யாரோ.

"பதினேழு" என்றார் அந்த அம்மா.

"அப்ப கேள்வியே இல்ல. நம்ம ஸ்னோ திரும்பவும் கடைய விரிச்சுட்டான்."

"ஸ்னோ, எனக்குக் கொஞ்சம் குடு. என் மாமியாருக்கு என்னைக் கண்டாலே பிடிக்கல."

சிரிப்பு எழுந்தது. கண்டக்டர் சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்தார். நேராக டிரைவரைப் பார்த்தார். கேட்கவில்லை, கெஞ்சவில்லை, பார்த்தார். ஒரு வார்த்தை போதும். டிரைவரின் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது சிரிப்பு. மற்றவர்களுடைய சிரிப்பு ஓய்ந்த பிறகும் ஒரு நொடி அது தனியாகக் கேட்டது.

கண்டக்டர் எழுந்து போய் டியூபை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

பிற்பகல் டிரிப்பில் ஒன்றரை மணி நேரம் விசில் சத்தம் தவிர இருவருக்கும் நடுவே எதுவும் இல்லை. கடைசி நிறுத்தத்தில் கூட்டம் இறங்கிய பிறகு, கண்டக்டர் முன்னால் வந்து டியூபை இன்ஜின் மூடியின் மேல் வைத்தார்.

"உங்களோடது, அண்ணே."

"எப்படித் தெரியும்?"

"ஒரு வாரமா வலது காது ஓரத்துல வெள்ளையா நிக்குது. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. ஏன் ஒரு பக்கம் மட்டும் போடறீங்க?"

"வெயில் இந்தப் பக்கம்தானே."

"முன்கண்ணாடி வழியா வர்றது என்ன, நிலாவா?"

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "நானா ஆசைப்பட்டுப் போடலப்பா. டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. பாரு."

கண்டக்டர் சீட்டை வாங்கவில்லை.

"எனக்கு யாரும் எழுதிக் குடுக்கல. முகம் நல்லா இருந்தா எனக்குப் பிடிக்கும், போட்டேன். அவ்வளவுதான்."

"அன்னைக்குத் தமாசுக்குச் சொன்னதுப்பா."

"தமாசுதான். பதினோரு வருஷமா நடக்குது." பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அது பழகிப்போச்சு, அண்ணே. இன்னைக்கு நீங்க சிரிச்சதுதான்..." வாக்கியத்தை முடிக்காமல் டீ குடிக்க இறங்கிப் போனார்.

சீட்டு டிரைவரின் நீட்டிய கையிலேயே இருந்தது. அதை நீட்டியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. செய்த தப்புக்கு மேல் இன்னொரு தப்பும் செய்திருந்தார்: நான் உன்னை மாதிரி இல்லை என்று எழுத்தில் காட்டப் பார்த்திருந்தார்.

மறுநாள் மதியம் அவர் வண்டியில் தங்கவில்லை. ஓய்வறைக்குப் போய், சாப்பிடாமல், நேராக வாஷ்பேசினுக்குப் போனார். முகம் கழுவினார். டியூபை எடுத்தபோது விரல் வழுக்கியது. இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, நெற்றியில், மூக்கில், இரண்டு கன்னத்திலும், கழுத்திலும் வைத்துத் தேய்த்தார். அவசரத்தில் புருவத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் தட்டுகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"என்னய்யா இது, தொத்து வியாதியா?" என்றார் டைம்கீப்பர்.

டிரைவர் திரும்பினார். "நேத்து எடுத்த டியூப் என்னோடது. கண்டக்டரோடது இல்ல. நான்தான் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தேன். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன்."

டைம்கீப்பர் நல்ல மனிதர். சங்கடத்தில் நிற்பவருக்கு நாற்காலி தள்ளிக் கொடுப்பவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என்ன, ஏதாவது தோல் வியாதியா? டாக்டர் சொன்னாரா?"

சீட்டு சட்டைப் பையில் இருந்தது. ஆமாம் என்றால் போதும். மேசை முழுக்க இரக்கப்படும், சோறு ஆறுவதற்குள் எல்லாம் மறந்துபோகும்.

"மூஞ்சி நல்லா இருக்கணும்னு போடறேன்" என்றார். "தினமும் போடுவேன்."

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மற்றவர்கள். "இந்த வயசுல மாப்பிள்ளைக்கு ஆசையப் பாரு" என்றார் ஒரு மெக்கானிக். "பொண்ணு வீட்டுல எப்ப வர்றாங்க?" என்றார் இன்னொருவர். டிரைவருக்குக் காது மடல் வரை சூடேறியது. எங்கே பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன், இருபத்து நான்கு வயதில், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத கண்டக்டரும் இதே இடத்தில் இப்படித்தான் நின்றிருப்பார் என்பது அவருக்குப் புரிந்தது.

கண்டக்டர் மேசையின் கோடியில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினோரு வருடங்களில் முதல் முறை. நாக்குக்கு அது அந்நியமாக இருந்தது. மேசையில் இருந்த யாருக்கும் அது யாருடைய பெயர் என்று உடனே விளங்கவில்லை. கண்டக்டரும் திரும்பவில்லை. அது தன்னைத்தான் என்று அவருக்கும் அந்த இடத்தில் தோன்றவில்லை.

இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் நிமிர்ந்தார்.

அந்தப் பெயரை வைத்ததற்கும் நேற்றுச் சிரித்ததற்கும் டிரைவர் மன்னிப்புக் கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கண்டக்டர் கேட்டுக்கொண்டார். தலையசைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, வாஷ்பேசினில் கழுவி, தண்ணீரை உதறினார்.

"மணி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு நடந்தார்.

டிரைவர் டியூபின் மூடியைத் தேடி எடுத்துத் திருகிக்கொண்டு, பின்னாலேயே போனார்.