வலது கால்

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் காலை ஒருவர் கழுவும் ஆராதனை நடக்கும். வரிசையாக நாற்காலி போட்டு உட்காருவோம். ஒவ்வொருவரும் மண்டியிட்டு, பக்கத்தில் இருப்பவரின் ஒரு காலைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். எந்தக் காலை நீட்டுவது என்பது நீட்டுகிறவர் இஷ்டம். வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் பூசிக்கொண்டுதான் வருவார்கள். துடைத்த துண்டுகளைத் துவைத்து இஸ்திரி போடுவது என் வேலை. சலவைக்கடையில் இருக்கிறவள்தானே என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு துண்டிலாவது அழுக்கைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த வருடம் அழுக்கான கால் ஒன்று வந்தது. என் கணவருடையது.

அவர் பஸ் டிரைவர். சர்க்கரை வியாதிக்காரர். வலது பாதத்தில் சின்னக் கொப்புளமாக ஆரம்பித்த புண் குழியாகி, விரல்கள் கறுத்து, வீடு முழுக்க வாடை வந்துவிட்டது. சனிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் கட்டைப் பிரித்துக் கழுவி மருந்து வைப்பது நான்தான். முதல் நாள் குமட்டிக்கொண்டு வந்து எழுந்து ஓடினேன். அவர் சிரித்தார்.

"மூஞ்சிய வேணா திருப்பிக்கோ. கைய மட்டும் எடுத்துடாத."

அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கழுவுவேன். கை பழகியது, பிறகு முகமும் பழகியது.

ஆபரேஷனுக்கு முன்பு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆராதனைக்குக் கூட்டிட்டுப் போ. இந்தக் கால் போறதுக்குள்ள அண்ணன் கையால ஒரு தடவ கழுவிக்கணும்."

அண்ணன் என்றால் அவருக்கு அப்பா மாதிரி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, இவரைக் குளிப்பாட்டி, தலைவாரி, தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர். இப்போது சபையில் மூப்பர். அன்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மைக்குக்கே மூச்சு வாங்கும்.

வியாழன் மாலை இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் கணவர் தானே குனிந்து கட்டை அவிழ்த்து வலது காலை நீட்டினார். காலையில்தான் நான் கழுவிவிட்டிருந்தேன், இருந்தும் வாடை கிளம்பிவிட்டது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

அண்ணன் மண்டியிட்டார். காலைப் பார்த்தார். பிறகு இடது முழங்காலை மெல்லத் தட்டினார்.

"அந்தக் காலக் குடுடா தம்பி. இதுல தண்ணி பட்டா எரியும்."

"எரியாதுண்ணே. தினமும் கழுவுறதுதான்."

அதற்குள் அண்ணன் அவருடைய இடது காலைத் தூக்கித் தொட்டியில் வைத்துவிட்டார். விரலிடுக்கு விடாமல், குறை சொல்ல முடியாதபடி கழுவினார். என் கணவரின் வலது கால் நீட்டியது நீட்டியபடியே இருந்தது. பாட்டு முடியும்போது அதை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தப்புச் செய்த பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினேன். "உங்க அண்ணனுக்கு அன்பெல்லாம் வாயோட சரி. வெள்ளையா இருந்தாத்தான் தொடுவாரு."

"விடு. அண்ணனுக்குச் சின்ன வயசுலேருந்தே ரத்தத்தப் பாத்தா ஆகாது" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காலை எடுத்தார்கள். ஆனால் கிருமி அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஓர் அறை. வீட்டு ஆட்கள் விரும்பினால் அவர்களே குளிப்பாட்டலாம் என்றார்கள். தண்ணீர், சோப்பு, சபைத் துண்டுகளில் ஒன்று, எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் அண்ணன் நின்றிருந்தார். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருந்தார்.

"நானும் வர்றேம்மா. கால மட்டும் நான் கழுவுறேன்."

அவருக்கென்று ஒரு வார்த்தையை நான் வாயில் வைத்துக்கொண்டே திரிந்தேன். இருக்கிற காலைத்தான் ஏற்கெனவே கழுவிட்டீங்களே, இப்ப என்னத்தக் கழுவப்போறீங்க? வாசலிலேயே கேட்டுவிடத் துடித்தேன். ஆனால் அவர் அதற்குள் உள்ளே போய், என் கணவரைக் கிடத்தியிருந்த மேஜையின் கால்மாட்டில் மண்டியிட்டுவிட்டார்.

போர்வையை விலக்கி இடது பாதத்தைக் கழுவினார். அன்று போலவே விரலிடுக்கு விடாமல். முடித்துவிட்டு மறுபடியும் தண்ணீரை அள்ளினார். கை தானாகப் பக்கத்துக்குப் போனது. அங்கே கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே கட்டு, அதற்கப்புறம் வெறும் மேஜைதான். அள்ளிய தண்ணீர் விரல் வழியாக மேஜையில் ஒழுகியது. அவர் திரும்ப அள்ளி அங்கேயே ஊற்றினார்.

"எரியாதுன்னு சொன்னான்ம்மா" என்றார். "எரியாதுன்னு சொன்னான். எனக்குத்தான் கொமட்டிடுச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

நெற்றியை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு, எழுபது வயது மனிதர் வாய்விட்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் அவரை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிக்கொண்டே துண்டை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. துண்டோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. உதறிவிடத்தான் தோன்றியது.

நான் கையை எடுக்கவில்லை.